பர்மா போன தாத்தாவின் கதை: பெட்டியில் கிடக்கும் பிரதிகளை என்ன செய்வது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி, சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். ஊர் தேவகோட்டைப் பக்கம். தாத்தா பர்மாவில், மோல்மேன் என்ற ஊரில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதினார். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நடந்தே ஊர் திரும்பினார். பெரிய தாத்தாவின் குடும்பம் அங்கேயே இருந்து 1964இல் கப்பலில் வந்தது. 240 பக்கம், விலை 250 ரூபாய். உறவினர்கள் கொஞ்சம் பேர் வாங்கினார்கள். மீதி அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க முடியாது. என்ன செய்யலாம்?

பதில்:

ஐயா, வணக்கம்.

300 பிரதி ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. பேர்பெற்ற பதிப்பகங்களே இன்றைக்கு ஒரு நாவலுக்கு முதல் அச்சில் சில நூறு பிரதிகளுக்கு மேல் போடத் தயங்குகின்றன. உங்களிடம் மிஞ்சியிருப்பதைக் கரைக்க ஊரெல்லாம் தெரிகிற விளம்பரம் தேவையே இல்லை. இன்னாருக்கு இந்தப் புத்தகம் வேண்டியிருக்கும் என்று பெயர் சொல்லி எழுதக்கூடிய ஒரு பட்டியல் இருந்தால் போதும். அந்தப் பட்டியல் உங்கள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

‘எங்கள் குடும்ப வரலாற்றை எழுதியிருக்கிறேன்’ என்று சொன்னால் கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அவர் குடும்பம் அதில் இல்லையே. அதையே, ‘1942இல் மோல்மேனிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், எங்கள் தாத்தாவும் அதில் ஒருவர்’ என்று சொல்லிப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களில் எந்தத் தெருவில் சொன்னாலும் ‘எங்க பாட்டியோட அண்ணனும் அப்படித்தான் வந்தாராம்’ என்று ஒருவராவது சொல்வார். புத்தகம் ஒன்றுதான், சொல்லும் விதம்தான் வேறு. அட்டையில் இருக்கும் தலைப்பை இனி மாற்ற முடியாது. ஆனால் கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் பேச்சிலும் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, ஒரு பிரதியையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். புத்தகத்தில் வரும் ஊர்ப் பெயர், தெருப் பெயர், கடை விலாசம் (கடையின் பெயர்), கப்பல், பள்ளிக்கூடம், கோயில், மற்ற குடும்பங்கள் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். மோல்மேன் எத்தனை பக்கத்தில் வருகிறது? ரங்கூன் முகல் தெருவில் தாத்தா தங்கிய கிட்டங்கி (செட்டியார் கடைகள் இருந்த கட்டடம்) வருகிறதா? அவரோடு பெட்டியடிப் பையனாக (கடையின் இளம் உதவியாளாக) வேலை பார்த்தவர் எந்த ஊர்க்காரர்? நடந்து வந்தபோது அரக்கான் பக்கம் தவுங்கப் கணவாய் வழியாக வந்தாரா, தமு தாண்டி மணிப்பூர் வழியாக வந்தாரா? 1964இல் வந்தவர்கள் சென்னையில் இறங்கி எந்த முகாமில் இருந்தார்கள், பிறகு எங்கே வீடு கிடைத்தது? இந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சில வாசகர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அலுப்பாகவும் இருக்கும். ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. தயாரான பட்டியலை நான்கு பக்கப் பெயர்ச்சுட்டாகத் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, மீதமுள்ள எல்லாப் பிரதிகளிலும் கடைசி அட்டைக்குள் செருகிவிடுங்கள். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். சுட்டில் ஊர்ப் பெயர்களைப் பழைய, புதிய வடிவம் இரண்டிலும் கொடுங்கள்: ரங்கூன் இன்றைக்கு யாங்கூன், மோல்மேன் இன்றைக்கு மாவ்லமியைன், பஸ்ஸீன் இன்றைக்குப் பத்தெயின். இணையத்தில் தேடுகிறவர் எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

இனி உறவுகள். ‘வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள்’ என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் எழுதப்படும் வம்சாவளிகளில் ஒரு பொதுவான குறை உண்டு. மகன்களின் வழி ஐந்தாறு தலைமுறைக்கு ஓடும். மகள்களின் வழி ‘இன்ன ஊரில் கட்டிக் கொடுத்தது’ என்பதோடு நின்றுவிடும். உங்கள் புத்தகமும் அப்படி இருந்தால், அத்தைமார்கள், பெரிய அத்தைமார்களின் பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்கு அது ‘அம்மா வீட்டுப் புத்தகம்’, தங்களுக்கு அதில் இடமில்லை. அவர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பெயர்களைக் கேட்டு வாங்கி, ‘விடுபட்ட கிளைகள்’ என்று எட்டுப் பக்க இணைப்பு ஒன்று போடுங்கள். அச்சுச் செலவு சொற்பம். தங்கள் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று கேட்பார்கள். புதிதாக உறவு சொல்லிக்கொண்டு பேச ஒரு காரணமும் கிடைக்கும்.

யார் யாருக்குப் போன் செய்வது? வீட்டில் நடந்த கடைசி இரண்டு மூன்று கல்யாணங்களின் பத்திரிகை முகவரிப் பட்டியலையும் மொய் நோட்டையும் எடுங்கள். இதைவிட நல்ல வாடிக்கையாளர் பட்டியல் எந்தப் பதிப்பகத்திடமும் கிடையாது. யார் எந்த ஊரில் இருக்கிறார், யார் வழியில் உறவு, நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவரா என்பது வரை அதில் இருக்கிறது.

கூட்டம் கூடும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும். உங்கள் பக்கம் குலதெய்வக் கும்பிடு, மாசிக்களரி, படைப்பு என்று பங்காளிகள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறையாவது ஒன்று சேர்வது வழக்கம். (திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில், இதைப் படிக்கும் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.) அங்கே ஒரு மேசை போட்டுப் புத்தகத்தை அடுக்கி வைத்து விற்பது என்னவோ கடை போட்ட மாதிரி இருக்கும், பலருக்குப் பிடிக்காது. அதற்குப் பதிலாக வம்சாவளிப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் கட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு பேனா. ‘உங்கள் பெயர் எங்கே என்று பாருங்கள், இல்லாவிட்டால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி. பிள்ளைகள் முதலில் ஓடி வருவார்கள், பின்னாலேயே பெரியவர்கள். அந்த இடத்தில் புத்தகத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய விற்பனை தாம்பூலப் பையில் இருக்கிறது. உறவில் யாருக்காவது மணிவிழாவோ எண்பதாம் கல்யாணமோ வருகிறதா என்று விசாரியுங்கள். வருகிறவர்களுக்கு எவர்சில்வர் கிண்ணமோ பிளாஸ்டிக் டப்பாவோ கொடுப்பதற்குப் பதிலாகத் திருக்குறள் புத்தகம் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. அந்த இடத்தில் உங்கள் புத்தகம் ஏன் போகக் கூடாது? விழா நாயகரே புத்தகத்தில் ஒரு பாத்திரமாக இருப்பாரே! ‘மொத்தமாக ஐம்பது எடுத்தால் பிரதி 150 ரூபாய், முதல் பக்கத்தில் உங்கள் விழா வாழ்த்தை ஒட்டித் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். இப்படி ஒரே வீட்டில் ஐம்பது போய்விட்டால் உங்கள் பாரத்தில் ஒரு நல்ல பங்கு இறங்கிவிடும். முழுப் புத்தகம் பைக்குக் கனம் என்று தோன்றினால், நடைப்பயண அத்தியாயத்தை மட்டும் 32 பக்கச் சிறு வெளியீடாகப் போட்டுக் கொடுக்கலாம். பின்னட்டையில் முழுப் புத்தகம் கிடைக்கும் போன் எண் இருக்கட்டும்.

வெளியீட்டு விழா இன்னும் நடத்தவில்லையென்றால், மண்டபம் பிடித்து, பிளெக்ஸ் கட்டி, பொன்னாடைகள் வாங்கி நடத்த வேண்டாம். பிரமுகர் தாமதமாக வருவார், புத்தகத்தைப் படிக்காமல் அரைமணி நேரம் பேசுவார், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் செலவில் இன்னொரு அச்சே போட்டுவிடலாம். குடும்ப விசேஷத்தின் நடுவில், உயிரோடிருக்கும் மூத்தவர் கையில் முதல் பிரதியைக் கொடுங்கள், போதும். 1964 கப்பலில் சிறுமியாக வந்த ஒரு பாட்டி இருந்தால் அவர்தான் உங்கள் சிறப்பு விருந்தினர். அவரை ஐந்து நிமிடம் பேசவிட்டு, அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பல இடத்தில் உதவும்.

வாட்ஸ்அப்பில் செலவு கிடையாது, ஆனால் பலர் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. அட்டைப்படத்தையும் ‘வாங்கி ஆதரவு தாருங்கள்’ என்ற வேண்டுகோளையும் போட்டால் கைகூப்பும் படங்கள்தான் பதிலாக வரும். வேறு மாதிரி செய்யுங்கள். உங்களிடம் உள்ள பழைய போட்டோக்களில் யாரென்று தெரியாத முகங்கள் கட்டாயம் இருக்கும். ‘1938 வாக்கில் மோல்மேனில் எடுத்தது. இடமிருந்து மூன்றாமவர் யார் என்று தெரியுமா?’ என்று ஒரு படம் அனுப்புங்கள். இதற்கு ஆள் ஆளுக்குப் பதில் சொல்வார்கள், சண்டைகூட வரும், நீங்கள் கேட்காமலே நாலைந்து குழுக்களுக்குப் படம் போய்விடும். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: படத்தோடு நீங்கள் எழுதும் வரிகள் ஃபார்வர்டு ஆகும்போது உதிர்ந்துவிடுவது உண்டு. ஆகவே புத்தகத்தின் பெயர், விலை, போன் எண் மூன்றையும் படத்தின் அடியிலேயே சிறிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் யாராவது இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும். தினமும் அனுப்பினால் குழுவை மியூட் செய்துவிடுவார்கள்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. மோல்மேன் ஜப்பானியர் வசமானது 1942 ஜனவரி 31. ரங்கூன் விழுந்தது அந்த ஆண்டு மார்ச் 8. இந்தத் தேதிகளில் உங்கள் புத்தகத்திலிருந்து அந்த நாளைப் பற்றிய பத்தியை எடுத்து முகநூலில் போடுங்கள். ஊர் வரலாறு, செட்டிநாட்டு வரலாறு, பழைய படங்கள் என்று முகநூலில் குழுக்கள் நிறைய இருக்கின்றன. அங்கே ‘என் புத்தகம்’ என்று ஆரம்பிக்காமல், தாத்தாவின் கதையிலிருந்து ஒரு பத்தியை முழுசாகக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.

வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இவர்களுக்காகப் புத்தகத்தின் நல்ல இரண்டு அத்தியாயங்களை உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஸ்டூடியோ வேண்டாம், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மேசையில் வைத்துக்கொண்டு வாசித்தால் நன்றாகவே பதியும். அதைக் கேட்ட பிள்ளை ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்டால் புத்தகம் வாங்குவது பெற்றோர். பதினாறு பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சுருக்கத்தைப் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்வதும் நல்லது. அதை இலவசமாகவே கொடுங்கள்.

அடுத்து, உறவு வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். நீங்கள் போட்ட பட்டியல் இங்கேதான் வேலை செய்யும். சென்னை வியாசர்பாடியிலும் காரைக்குடியிலும் இன்னும் பல ஊர்களிலும் பர்மாவிலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே பர்மா நாட்களைப் பற்றிப் பேசினால் இரண்டாம் தலைமுறைகூடக் காது கொடுக்கும். பர்மாவின் ராணுவத் தலைவர் நே வினின் ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியதையும், 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததையும் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பெரிய தாத்தா குடும்பத்தின் கதை அவர்களுடைய கதையும்தான். குடியிருப்போர் சங்கத்துக்கோ அங்குள்ள கோயில் கமிட்டிக்கோ இரண்டு பிரதிகளை இலவசமாகக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேச அனுமதி கேளுங்கள். மணிப்பூர் எல்லையில் மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பர்மாவுக்கே திரும்பிப் போகப் புறப்பட்டு எல்லையில் தங்கிவிட்ட தமிழர்களின் சங்கம் அது. அங்கேயும் ஒரு பிரதி போக வேண்டும்.

கடிதம் எழுதும்போது பக்க எண்ணைச் சொல்லி எழுதுங்கள். ‘உங்கள் பள்ளியின் ஆரம்ப நாட்களைப் பற்றி என் புத்தகத்தின் 87ஆம் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு தலைமையாசிரியருக்கு எழுதினால் அவர் அதைக் குப்பையில் போடமாட்டார். பள்ளி நூலகத்துக்கு வாங்குவார், ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். தாத்தா வேலை பார்த்த கடை விலாசத்தின் இன்றைய வாரிசுகளுக்கும் இப்படித்தான். தங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி அவரிடம் சம்பளம் வாங்கியவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? (நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.)

நூலகங்களுக்குக் கொடுப்பதை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். முதலில் சட்டப்படி செய்ய வேண்டியது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலையும் வெளியிட்டவர் தம் செலவிலேயே, வெளியான முப்பது நாளுக்குள், நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். சொந்தமாக வெளியிடுபவருக்கும் இது பொருந்தும். பலருக்கு இது தெரிவதில்லை. நாள் கடந்திருந்தாலும் அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பட்டியலான தேசிய நூற்றொகை, கொல்கத்தாவில் வந்து சேரும் பிரதிகளை வைத்துத்தான் தயாராகிறது.

பிறகு சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உங்கள் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகங்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து உருவானது அது. செட்டிநாட்டையும் பர்மாவையும் ஆராய வருகிறவர்கள் அங்கே போகாமல் இருக்கமாட்டார்கள். அதே தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக நூலகம், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சிவகங்கை மாவட்ட மைய நூலகம், உங்கள் ஊர்க் கிளை நூலகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, கூடவே அரைப்பக்கக் கடிதம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு டெல்லியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. தெற்காசிய நூல்களை, தமிழ் உட்பட, தனக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து வாங்குவது அதன் வேலை. புத்தகத்தைப் பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் லாபம், எடுக்காவிட்டால் ஒரு மின்னஞ்சல்தானே.

அரசின் நூலகக் கொள்முதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. விண்ணப்பித்து வையுங்கள், ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கிளை நூலகத்துக்குப் போகும்போது அங்கே வாசகர் வட்டம் இயங்குகிறதா என்று கேளுங்கள். மைய நூலகங்களில் அநேகமாக இருக்கும். கூட்டத்துக்குப் பேச்சாளர் கிடைக்காமல் அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். இடம் இலவசம், இருபது முப்பது பேர் வருவார்கள். போனால் குடும்ப வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லாதீர்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டி, கணக்கேடு, பர்மா லாக்கர் (அரக்குப் பூச்சு) டப்பா என்று கையில் எடுத்துப் போகக்கூடிய பொருள் ஏதாவது இருந்தால் அதை மேசையில் வைத்துக்கொண்டு, நடைப்பயணத்தை மட்டும் பேசுங்கள். பேச்சு முடிந்ததும் மக்கள் அந்தப் பொருளைப் பார்க்க மேசைக்கு வருவார்கள். புத்தகமும் அங்கேதானே இருக்கிறது. யுபிஐ கியூஆர் அட்டையையும் சில்லறையையும் மறந்துவிடாதீர்கள்.

பத்திரிகைகளுக்கு மதிப்புரை அனுப்புவது என்றால் இரண்டு பிரதிகள் அனுப்புவது நம் வழக்கம். பெரிய நாளிதழ்கள் குடும்ப வரலாற்றுக்கு நீண்ட மதிப்புரை எழுதுவது அபூர்வம். ‘வரப்பெற்றோம்’ பட்டியலில் ஒரு வரி வந்தால் உண்டு. அதைவிட உங்கள் பகுதி நிருபரைப் பிடியுங்கள். அவருக்கு வேண்டியது செய்தி. ‘நூல் வெளியானது’ செய்தி இல்லை. ‘72 வயதுப் பாட்டி, பர்மாக் கப்பலில் வந்த நாளை நினைவுகூர்ந்தார்’ என்பது செய்தி, படமும் இருக்கிறது. சமூகச் சங்க மாத இதழ்கள், கல்லூரி முன்னாள் மாணவர் மலர், தாத்தா வேலை பார்த்த ஊர்க்காரர்களின் நலச் சங்கம் வெளியிடும் ஆண்டு மலர் ஆகியவற்றில் பக்கம் நிரப்பக் கட்டுரை கேட்டு அலைவார்கள். ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி நீங்களே கட்டுரையாகக் கொடுங்கள். அடியில் ஆசிரியர் குறிப்பில் போன் எண்.

கடைகளைப் பொறுத்தவரை நான் அவநம்பிக்கைக்காரன். கழிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும், பணம் வந்து சேர மாதக்கணக்கில் நினைவூட்ட வேண்டும். ஐந்து பிரதி போட்ட கடைக்கு ஐந்து முறை நடந்தால் பஸ் காசுக்கே சரியாகிவிடும். தேவகோட்டை, காரைக்குடியில் தெரிந்த கடை ஒன்றில் மட்டும் வையுங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்ப் பயணிகளுக்கு உங்கள் தமிழ்ப் புத்தகம் பயன்படாது, ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க வருகிறவர்களிலும் கானாடுகாத்தான் தங்கும் விடுதிகளிலும் அந்த ஆங்கிலச் சுருக்கம் விலை போகலாம். சென்னைப் புத்தகக் காட்சியில் தனி அரங்கு எடுப்பதை யோசிக்கவே வேண்டாம். வரலாற்று நூல்கள் போடும் சிறு பதிப்பக நண்பர் யாராவது தம் அரங்கில் பத்துப் பிரதி வைத்துக்கொண்டால் சந்தோஷம். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் கொடுக்கிறார்களா என்று சிவகங்கையில் விசாரியுங்கள். அங்கே உங்கள் புத்தகத்தில் வரும் ஊர்க்காரர்களே நடந்து வருவார்கள்.

நேரடியாக அஞ்சலில் விற்பதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றுபோனது. அதன் இடத்தில் 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒரு சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரப் பக்கங்கள் இருக்கக் கூடாது. சில கிளை அஞ்சலகங்களில் இப்படி ஒன்று இருப்பதையே சொல்லமாட்டார்கள், நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். நூலகங்களுக்கும் பத்திரிகைகளுக்குமாக நாற்பது பிரதி அனுப்பினாலும் இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் மொத்தச் செலவில் பெரியது இதுவாகத்தான் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர் உறவுகளுக்கு மட்டும் அஞ்சல் வேண்டாம், தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். ஊருக்கு வந்து போகிறவர் பெட்டியில் ஐந்தாறாகக் கொடுத்து அனுப்பி, கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரே வீட்டில் வைத்து, அங்கிருந்து கை மாறட்டும்.

ஐஎஸ்பிஎன் எண் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இல்லாமல் அச்சிட்டிருந்தால் கவலை வேண்டாம், மேலே சொன்ன எதற்கும் அது தடையில்லை. அடுத்த அச்சுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக அதை இலவசமாகவே கொடுக்கிறது. அதற்கென்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே போல, நுழைவுக் கட்டணம் கட்டினால் ‘சிறந்த நூல்’ விருது என்று வரும் அழைப்புகள், மதிப்புரை எழுதப் பணம் கேட்கும் சேனல்கள், முகநூலில் காசு கட்டிப் பரப்புவது, இவை எதுவும் இந்த வகைப் புத்தகத்துக்கு உதவாது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே அந்தப் பயமும் வேண்டாம்.

கிண்டிலில் தமிழ் மின்னூலாகப் போட 2016இலிருந்தே வழி இருக்கிறது, செலவில்லை. என்றாலும் கையில் இருப்பது தீரும் வரை மின்னூலில் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் எல்லாருக்கும் கொடுங்கள். தீர்ந்த பிறகு முழு நூலையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். விக்கிப்பீடியாவில் தாத்தாவைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதும் ஆசை வரும், வேண்டாம், நீக்கிவிடுவார்கள். உங்களுக்கே உரிமையுள்ள பழைய மோல்மேன், ரங்கூன் தெருப் படங்கள் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றலாம். படத்தின் விவரப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

வெளியாட்கள் கைக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உறவுக்குள் சுற்றுவது வேறு, நூலகத்தில் இருப்பது வேறு. உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, போன் எண், தீராத சொத்து வழக்கு, யாருடைய இரண்டாவது கல்யாணம் போன்றவை இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரிமேல் ஸ்டிக்கர் ஒட்டலாம், ஒன்றும் குறைந்துவிடாது. முழு வம்சாவளிப் படத்தைப் பிறந்த தேதிகளோடு முகநூலில் போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு கேள்விகளுக்கான பதில் பாதி அதில் இருக்கும்.

கடைசியாக, எவ்வளவு கேட்டாலும் 25 பிரதிகளைத் தனியே கட்டி, வேப்பிலை போட்டு, மேல் பரணில் வையுங்கள். புத்தகம் தீர்ந்து இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வரும்: ஆராய்ச்சி மாணவர் ஒருவர், அல்லது மோல்மேனில் பக்கத்து வீட்டில் இருந்தவரின் பேத்தி. அப்போது கொடுக்க ஒரு பிரதி இருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் சேதிகளை அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தால், இரண்டாம் பதிப்புக்கு வேண்டியது சேர்ந்துவிடும்.